கால்மணி நேர மீன் அவியல்

குளச்சல் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கஸ்பார் ஒரு சின்ன சாப்பாட்டுக்கடை வைத்திருந்தான். அதற்கு முன் பதினான்கு வருடம் ஆழ்கடல் விசைப்படகுகளில் சமையல்காரனாக இருந்தவன். முழங்கால் உடைந்த பிறகு கரையோடு நின்றுவிட்டான். ஒரு வலையை இழுத்துப் போட்டு அடுத்த வலையை விடுவதற்குள் பதினோரு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. அவன் வேகத்தைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே, சுகிர்தா டீச்சர் அங்கே வந்து நின்றாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

கஸ்பார் பதறி எழுந்தான். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் அவனுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவள். இப்போது தலைமையாசிரியை.

"இரி கஸ்பார்," என்றாள். "நான்தான் உங்கிட்ட படிக்க வந்திருக்கேன்."

"என்ன டீச்சர் படிக்க?"

"மீன் சமைக்க. கால்மணி நேரத்துக்குள்ள."

அவன் பெஞ்சைத் துடைத்து அவளை உட்காரவைத்தான். அவள் கணக்கை விளக்குவதுபோல வரிசையாகச் சொன்னாள்.

அவள் கணவர் ஞானதுரை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஐந்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து சமைப்பார். இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு அவர் கையால்தான். டீச்சருக்குப் பால் விடாத கட்டன் சாயா போடத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவசியம் வந்ததில்லை. ஐப்பசி மாதம் அவருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு, ஒன்றிரண்டு எழுத்தோடு நின்றுபோயிற்று. பகலில் பார்த்துக்கொள்ள வருகிற பெண் ஆறரை மணிக்குப் போய்விடுவாள். டீச்சர் பஸ் பிடித்து வீடு சேர ஆறே முக்கால் ஆகும். எட்டு மணிக்கு அவருக்கு மாத்திரை. அதற்குள் சாப்பிட்டிருக்க வேண்டும்.

"ஓட்டல்ல வாங்கிட்டுப் போனா முகத்தைத் திருப்பிக்கிறார். ரெண்டு மாசத்துல ஒம்பது கிலோ குறைஞ்சிருக்கு. இப்படியே போனா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"முழுங்க முடியுமா?"

"மெதுவா முழுங்குவார். முள் இருக்கக் கூடாது."

"அப்போ சாளை வேண்டாம். அயிலை எடுப்போம். அதுல முள்ளை உருவிடலாம்."

அவள் நோட்டைத் திறந்தாள். அவன் அதை மெல்ல மூடி வைத்தான்.

"முதல்ல பாருங்க."

மண்சட்டியை எடுத்தான். துருவிய தேங்காயோடு மிளகாய்ப்பொடி, மஞ்சள், சீரகம் சேர்த்து அம்மியில் இரண்டு இழுப்பு இழுத்தான். அது பாதிதான் அரைந்திருந்தது. சட்டியில் வழித்துப் போட்டான். மீன் துண்டுகள், மாங்காய்க் கீற்றுகள், உப்பு, கறிவேப்பிலை. அம்மியைக் கழுவிய தண்ணீரையே ஊற்றி மூடி அடுப்பில் வைத்தான். அது கொதிக்கும் நேரத்தில் பலகையையும் கத்தியையும் கழுவிக் கவிழ்த்தான். மூடியைத் திறந்து, சட்டியை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கி ஒரு சுழற்று சுழற்றினான். மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டான்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதின்மூன்று நிமிடம்.

"கரண்டியே போடலையே."

"மீனுக்குள்ள கரண்டி போனா மீன் இருக்காது டீச்சர். சட்டியைத்தான் அசைக்கணும்."

அன்று அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். எழுந்து போகும்போது, ஒரு கிண்ணத்தில் அந்த அவியலைக் கொடுத்தான். அவள் வாங்கவில்லை.

"நான் வச்சுக் குடுக்கணும்," என்றாள்.

*

திங்கட்கிழமை அந்திச் சந்தையில் இறங்கி நான்கு அயிலை வாங்கினாள். மீன்காரி சுத்தம் செய்து நறுக்கிக் கொடுத்தாள். வீட்டில் அவியல் அடிப்பிடித்தது. செவ்வாய்க்கிழமை பழக்கதோஷத்தில் கரண்டி போட்டுக் கிண்டினாள். மீனும் தேங்காயும் பிரித்தறிய முடியாமல் ஒன்றாகிவிட்டன. புதன்கிழமை உப்பு கூடியது. வியாழக்கிழமை காலையிலேயே தேங்காய் துருவி வைத்துவிட்டுப் போனாள். மாலை, சேலையை மாற்றாமல் அடுப்பு மூட்டினாள். சட்டியை இறக்கும்போது ஏழு மணி ஐந்து நிமிடம். ருசி பார்த்தாள். கஸ்பார் கடையில் வந்த வாசனையேதான் வந்தது.

முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து, கட்டிலுக்கு எடுத்துப் போனாள். அவர் தலைக்குப் பின்னால் தலையணை வைத்து நிமிர்த்தினாள்.

இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தானே இருக்கு," என்றாள்.

அவர் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அடுத்த வாரம் முழுவதும் அப்படித்தான். அவள் சமையலறையில் நின்றுகொண்டே மிச்சத்தைத் தின்றுவிட்டு, பாத்திரம் கழுவி, மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தாள்.

*

அந்த வாரம் முடிந்து சனிக்கிழமை கஸ்பாரிடம் போனபோது அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். வழி தப்பாம செஞ்சா விடை வரணும். நீ சொன்ன ஒரு படியைக்கூட விடல்ல. பதினாலு நிமிஷத்துல இறக்குறேன். அவரு தின்ன மாட்டேங்கிறார். நீ எதையோ சொல்லாம விட்டிருக்க."

கஸ்பார் நெத்தோலி மீனின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். கையை நிறுத்தவில்லை.

"நீங்க சமைக்கும்போது அவரு எங்க இருக்கார்?"

"கட்டில்ல. உள் அறையில."

"என்ன செய்துட்டு?"

"அவரால என்ன செய்ய முடியும்? படுத்திருக்கார்."

அவன் கிள்ளிய மீனை ஒதுக்கி வைத்தான். பிறகு சொன்னான்.

"எங்க படகுல ததேயுன்னு ஒருத்தர் ஸ்ராங்கா இருந்தார். படகை ஓட்டுறதும் அவருதான், எங்களுக்கு எல்லாமும் அவருதான். ஒரு தடவை கரையை விட்டு ஆறு நாள் ஓட்டத்துல கிடக்கோம். அவரோட அண்ணன் தவறிட்டாருன்னு வயர்லெஸ்ல செய்தி வந்தது. திரும்பினாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. அவரு வீலைப் பிடிச்சபடி உட்காந்துட்டார். மூணு நாள் பச்சைத் தண்ணியோட இருந்தார்."

"நீ என்ன செஞ்ச?"

"சமைச்சேன். அவருக்குப் பிடிச்சது எல்லாம் வச்சேன். நவரை மீன் பொரிச்சேன், சூரை மீன்ல புளிமுளம் குழம்பு வச்சேன். தட்டைக் கொண்டுபோய்க் கையில குடுத்தேன். எல்லாரும் பக்கத்துல நின்னு கெஞ்சினோம். தட்டு அப்படியே திரும்பி வந்தது."

"அப்புறம்?"

"நாலாம் நாள் கடல் பொங்கிச்சு. அடுப்புல சட்டி நிக்கல்ல. இந்தப் பக்கம் பிடிச்சா அந்தப் பக்கம் சரியுது. பொடியன்மாரெல்லாம் வலை இழுக்கிறதுல கிடக்கானுவ. எனக்குக் கோபம் வந்து, ஆளு யாருன்னு பாக்காம, 'ஒரு கை பிடியும்'னு கத்திட்டேன். வீலை இன்னொருத்தங்கிட்ட குடுத்துட்டு ததேயு வந்தார். சட்டியோட ரெண்டு காதையும் துணி வச்சுப் பிடிச்சார். கொதிச்சு முடியுற வரைக்கும் விடல்ல. கை சிவந்துபோச்சு. கடைசியில குனிஞ்சு மணம் பிடிச்சார். 'புளி காணாது, இன்னும் வேணும்'ன்னார்."

"சாப்பிட்டாரா?"

"ரெண்டு தட்டு."

டீச்சர் அவனையே பார்த்தாள்.

"நான் அவருக்கு ஒண்ணும் செய்யல்ல டீச்சர். அலைதான் செஞ்சது."

அவன் நெத்தோலிக்குத் திரும்பினான். அவள் நோட்டைத் திறக்காமலே எழுந்து போனாள்.

*

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தவள் அடுப்பு மூட்டவில்லை. உள் அறைக்குப் போய், கணவரைத் தாங்கிப் பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள். சமையலறை வாசல்படியில் சக்கரம் ஏறவில்லை. பின்பக்கம் திரும்பி நின்று இழுத்தாள். இரண்டாம் இழுப்பில் ஏறியது.

அவர் சமையலறைக்குள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அலமாரியைப் பார்த்தார். புளிப் பானை இடம் மாறியிருந்தது. உப்பு போட்டு வைக்கும் மரவை அடுப்புக்கு இடப்பக்கம் போயிருந்தது. அவருடைய பெரிய கத்தி ஆணியில் தொங்கியது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

தப்பு செய்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. திரும்ப அறைக்கே கொண்டு போய்விடலாமா என்று யோசித்தாள். அதற்குள் தேங்காய் மூடி கையை விட்டு நழுவி உருண்டது. அவர் கண்ணைத் திறந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பாமல் அரைத்தாள், சட்டியில் சேர்த்தாள், மூடினாள். கொதி வந்ததும் கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஊதினாள். அவருடைய இடது உள்ளங்கையைப் பிடித்து அதில் விட்டாள்.

"உப்பு பாருங்க. எனக்குத் தெரியல்ல."

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொட்டு ஓடிக் கைரேகையில் இறங்கியது. பிறகு கையைத் தூக்கினார். வாயருகே கொண்டு போனார். நக்கினார்.

"உப்பு சரியா?"

தலையசைத்தார்.

"அப்போ இறக்கட்டா?"

அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

"பு…" என்றார்.

"புளியா?"

அவர் விரலால் ஜன்னல் திட்டைக் காட்டினார். அங்கே அவள் நறுக்கிப் பாதி போட்ட மாங்காய் இருந்தது. மீதியையும் கீற்றாக்கிப் போட்டாள். அவர் இடது கையை வட்டமாக அசைத்தார். அவள் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றினாள். இன்னும் என்று சைகை காட்டினார். இன்னும் சுழற்றினாள்.

அன்று தட்டை அவர் மடியிலேயே வைத்தாள். இடது கையால் அள்ளினார். பாதி சோறு வேட்டியில் விழுந்தது. அவள் ஊட்டப் போனபோது அவள் கையை விலக்கினார். அவளும் தன் தட்டைப் போட்டுக்கொண்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். முள்ளை எடுத்து எடுத்து மீனை மட்டும் அவர் தட்டுக்கு மாற்றினாள்.

தட்டில் கடைசிப் பருக்கை வரை அவர் விரல் தேடியது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய்க் காரம் என்று சைகை காட்டினாள். அவர் நம்பியதுபோலத் தலையாட்டினார்.

*

ஒரு மாதம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். டாக்டர் எடை பார்த்ததைச் சொன்னாள். மூன்று கிலோ ஏறியிருந்தது. கஸ்பார் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தான்.

"ஒண்ணு கேக்கணும் கஸ்பார்," என்றாள். "கால்மணி நேரம்னு உங்கிட்ட படிச்சேன். முதல்ல பதினாலு நிமிஷத்துல இறக்கிட்டிருந்தேன். இப்போ முக்கால் மணி நேரம் ஆகுது. மாத்திரை நேரத்தை இடிக்கத்தான் போகுதோன்னு கடிகாரத்தைப் பாத்துட்டே நிக்கேன்."

"இதுவரைக்கும் இடிச்சிருக்கா?"

"இல்ல. எட்டுக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது சாப்பிட்டு முடியுது."

"எதுல டீச்சர் அவ்வளவு நேரம் போகுது?"

"சின்ன வெங்காயம் தட்டிப் போட்டா ருசி கூடும்னு சைகையில சொன்னார். அந்த உள்ளியை அவரேதான் உரிக்கிறார், ஒத்தைக் கையால. பல்லால நுனியைக் கடிச்சு, தொடையில வச்சு அழுத்தி, பெருவிரலால தள்ளுறார். உருண்டு ஓடும். நான் எடுத்துக் குடுக்கணும். நாலு உள்ளி உரிக்க அரைமணி நேரம்."

"வலது கை?"

"நேத்து உள்ளி உருண்டப்போ அந்த விரல் ரெண்டும் லேசா மடங்கின மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோணியிருக்கலாம்."

கஸ்பார் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டான்.

"காலையிலேயே நான் உரிச்சு வச்சிட்டா நேரம் மிச்சமாகும். ஆனா அவரு முகத்தைப் பாத்தா மனசு வரல்ல. நீதான் சொல்லணும். நான் என்ன செய்ய?"

"நாலு உள்ளியா குடுக்கிறிய?"

"நாலு."

"நாளையில இருந்து ஆறு குடுங்க, டீச்சர்."