பிரேக் விளக்கு எரியாத வண்டி

கானக்கல் மலையில் காரை வேகமாக ஏற்றக் கற்றுத்தரும் குரு ஒருத்தி இருந்தாள். ஜெசிந்தா என்று பேர். இன்னும் முப்பதைத் தாண்டவில்லை. அவளிடம் வந்து சேர்ந்த சீடருக்கோ தலை பாதி நரைத்திருந்தது. செங்கோடன், கோபியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வந்த அன்று அவர் ‘குருவே’ என்று கும்பிட்டார். மேடம்னாலே போதும் சார் என்று சொல்லிவிட்டாள்.

வித்தை இதுதான். காப்பித் தோட்டத்துச் சாலையைப் பூட்டிவிடுவார்கள். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டி. முந்த வேண்டியதில்லை. முந்துவதற்கு அங்கே ஆளே கிடையாது. கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி. அதற்கென்று தனி வண்டி வேண்டாம், அரிசி மூட்டை ஏற்றுகிற கார் போதும். உள்ளே உருண்டு புரள்கிற சாமானை மட்டும் இறக்கிவிட வேண்டும்.

செங்கோடனின் வெள்ளைக் காரிலிருந்து ஸ்டெப்னி இறங்கியது, ஜாக்கி இறங்கியது, மிதியடிகள் இறங்கின. மகளின் டியூஷன் குடையும் சீட்டுக்கடியில் பாதி கடித்த கடலைமிட்டாயும் வந்தன. கடைசியாக, பின்கண்ணாடி ஓரம் மனைவி பூத்தையல் போட்டு வைத்திருந்த மஞ்சள் தலையணை. எல்லாம் புல்லில் உட்கார்ந்துகொண்டு, எங்களை விட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க என்பதுபோல் அவரைப் பார்த்தன.

மறுநாள் போட்டி. புதிதாக வருகிறவர் பேரை, ஜெசிந்தா சரி என்று தலையசைத்தால்தான் சேர்ப்பார்கள். செங்கோடன் அந்தத் தலையசைப்புக்கு முன்னாலேயே தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். கண் சோதிக்க வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம், எழுத்தை வாசிக்கச் சொல்லுமுன் இதைத்தான் சொன்னார். மனைவி மட்டும், சந்தைக்குப் போற வண்டிங்க அது, பார்த்துக்கங்க என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். எதையும் ஒன்பது தடவை சொல்கிறவள் ஒரே தடவையோடு நிறுத்தியது அவருக்கு என்னவோ போலிருந்தது.

ஒத்திகை ஓட்டத்தின்போது மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. உச்சியில் நின்ற மாதேஷ் என்ற பையன் வாக்கிடாக்கியில், ரோடு காலி, ரோடு காலி என்று மூக்கால் பாடினான். செங்கோடன் கிளம்பினார்.

இரண்டு வளைவு தனியாகத்தான் ஏறினார். அதற்கடுத்த வளைவில் முன்னால் ஒரு வண்டியின் இரைச்சல் கேட்டது. பனிக்குள் இரண்டு சிவப்பு விளக்கு.

அவருக்குப் பயமே வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. மார்கழியில் சத்தி ரோட்டில் அவர் ஓட்டுவது அப்படித்தான். ஏதாவது ஒரு லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொள்வார். அது திரும்பினால் திரும்புவார், அதன் பிரேக் விளக்கு எரிந்தால் காலை வைப்பார். இங்கேயும் ஒட்டிக்கொண்டார். முன்வண்டி வேகம் பிடித்தது, இவரும் பிடித்தார். வெள்ளைக் கார். பின்கண்ணாடியோரம் மஞ்சளாக ஒரு தலையணை. ஓட்டுகிறவனின் பிடரி பாதி நரைத்திருந்தது.

தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. முன்வண்டியின் பிரேக் விளக்கு எரியவில்லை. இவரும் காலை வைக்கவில்லை. சிவப்பு விளக்கு இரண்டும் நேராகப் போயின, சாலை இல்லாத பக்கமாக. சத்தமே இல்லை.

அதற்கப்புறம்தான் மிதித்தார். வண்டி பக்கவாட்டில் வழுக்கி, விளிம்புக் கல்லில் பின்சக்கரம் இடித்து நின்றது. நாலைந்து கற்கள் உருண்டு கீழே போயின. அவை விழுகிற சத்தம் கேட்கட்டும் என்று காத்திருந்தார். கேட்கவேயில்லை.

உச்சிக்கு ஊர்ந்து போய்ச் சேர்ந்ததும், எனக்கு முன்னால யாரு தம்பி போனாங்க என்று மாதேஷைக் கேட்டார். நீங்கதாங்க மொத வண்டி, ஒருக்கா கண்ணைக் காட்டிக்கங்க என்றான் அவன். கண்ணாடிக் கடைக்காரரிடமே சொல்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.

மற்ற வண்டிகளும் ஏறி முடிந்ததும் கீழே இறங்கி வந்து ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

“யார் வண்டி சார்?”

செங்கோடன் புல்லைப் பார்த்தார். தலையணை பனியில் நனைந்து அங்கேயேதான் கிடந்தது.

“என்னுதுங்க.”

“ஓட்டினது?”

என் பேரைச் சேர்க்க வேண்டாமுங்க மேடம் என்றார் செங்கோடன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவருடைய காரில் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினாள்.

அதே வளைவு. அதே சிவப்பு விளக்கு. செங்கோடன் விரலை நீட்டினார்.

“தெரியுது” என்றாள்.

“உங்களுக்குமா?”

“உங்களுது எனக்கெப்படிங்க தெரியும்? என்னுது நீல வண்டி.”

அவர் முன்கண்ணாடியை உற்றுப் பார்த்தார். நீலமாக எதுவும் இல்லை. அவருடைய வெள்ளை வண்டிதான் பனியைக் கிழித்துக்கொண்டு போனது. தண்ணீர்த் தொட்டி நெருங்கியது. வெள்ளை வண்டி நேராகவே போனது, அழகாக, கொஞ்சமும் தயங்காமல். அதற்குள் பிரேக் விழுந்து இந்தக் காரின் மூக்கு தாழ்ந்துவிட்டது. ஜெசிந்தா ரெண்டாம் கியருக்கு இறக்கினாள். சக்கரம் கீச்சென்றது. சாலை திரும்பிய பக்கம் கார் திரும்பியது.

“விழுந்துருச்சுங்க மேடம்.”

“என்னுதும்தான்” என்றாள், மழை விட்டுருச்சு என்று சொல்கிற குரலில்.

அடுத்த வளைவில் அந்தச் சிவப்பு விளக்கு மறுபடி முன்னால் இருந்தது. அங்கேயும் விழுந்தது. அதற்கடுத்ததில் மறுபடி இருந்தது. செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் இரைச்சல் கேட்டது. உச்சி வரைக்கும் கேட்டது.

மேலே மாதேஷ் கடிகாரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு, சந்தைக்குப் போற வண்டி, இன்னைக்கு ஏறினதுலயே இதுதாங்கக்கா வேகம் என்றான். ஜெசிந்தா சரி என்று தலையை மட்டும் அசைத்தாள். எஞ்சினை அணைத்தாள். பனிக்குள் இன்னொரு எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி, அதுவும் அணைந்தது. மாதேஷ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செங்கோடன் திரும்பிப் பார்த்தார். இது எப்ப இருந்துங்க என்று கேட்டார். முதல் தடவை ஏறின அன்னைக்கே வந்துருச்சு என்றாள்.

“அது நம்மளவிட வேகமுங்களே.”

“ஆமா. எப்பவுமே.”

“நாளைக்கும் வருமுங்களா?”

“வரும். காலையில வெள்ளனே வந்துருங்க. உங்க பேரைச் சேர்த்தாச்சு.”

அவர் இறங்கவில்லை. வெளியே பனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தது.

“அது வந்தா நான் என்னங்க மேடம் பண்றது?”

ஜெசிந்தா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அது பிரேக் போடாத இடத்துல நீங்க போடுங்க.”