பாட்டுக்கு நகராத தூண்

மழை வரப்போகிறதென்றால் பேயாண்டிக்கு வலது தோள் முறிந்து விழுவதுபோல் நோகும். முன்னொரு காலத்தில், ஏதோ ஒரு ராஜாவின் சபையில் விகடம் பண்ணிப் பிழைத்தவன் அவன். அதற்கு முன் கோவில் மண்டபத்துக்குக் கல் இழுத்தவன்.

அப்படித் தோள் நொந்த ஒரு காலையில் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. கோவிலில் மூன்று மண்டபங்கள். தாத்தா கட்டியதில் பருத்த மொட்டைத் தூண்கள். அந்தக் காலத்துப் பாட்டும் நின்று நின்றுதான் நடக்கும். அப்பா கட்டியதில் கொடியும் கிளியும், பாட்டும் துள்ளும். இந்த ராஜாவின் மண்டபத்தில் விரல் வைக்க இடமில்லாத நுணுக்கம். பாடகர் ஓரெழுத்தைப் பிடித்தால் ஒரு நாழிகை விடமாட்டார்.

"எந்தக் காலத்துக் கலை உயர்ந்தது?" என்று ராஜா சபையில் கேட்டார்.

பண்டிதர் திருமேனிநாதர் முந்திக்கொண்டார். "பேயாண்டியே தீர்ப்புச் சொல்லட்டும், மகாராஜா. தப்பாகச் சொன்னால் பழையபடி கல்லிழுக்கப் போகட்டும்."

ராஜா காலத்தை உயர்த்தினால் முன்னோருக்கு இழுக்கு. முன்னோரை உயர்த்தினால் ராஜாவுக்குக் கோபம். இந்தத் தோளோடு கல்லிழுக்கப் போனால் ஒரு மாதம் தாங்காது. பேயாண்டி ஒரு கும்பிடு போட்டான்.

"கோவிலுக்கு ஏறுற சரிவிலே ஒரு தூண் மிச்சம் கிடக்குதே மகாராஜா. எந்தக் காலத்துப் பாட்டு அதை மேலே ஏத்துதோ, அதுதான் உசத்தி. இழுக்கிறது பண்டிதர்மார் இழுக்கட்டும். ஞானமெல்லாம் அவங்ககிட்டதானே இருக்கு."

வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜா தலையாட்டினார்.

தாத்தா காலத்துப் பாட்டு நின்ற இடத்திலெல்லாம் தூண் திரும்பச் சறுக்கியது. அப்பா காலத்துத் துள்ளலுக்குப் பண்டிதர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் குப்புற விழுந்தார்கள். இந்தக் காலத்துப் பாட்டில் தாளம் எப்போது விழும் என்று காத்திருந்தே உள்ளங்கை உரிந்தது.

"யோவ் பேயாண்டி!" பண்டிதர் அலறினார். "கல் கால்மேலே ஏறப்போகுதய்யா! நீங்க இழுக்கையில் பாடுவீங்களே, அதைப் பாடித் தொலையும்!"

"ஏலேலோ..." என்றான் பேயாண்டி.

"ஐலசா!" பண்டிதர்தான் முதலில் கத்தினார். தூண் மேலேறியது.

"தீர்ப்பைப் பண்டிதரே சொல்லிட்டார், மகாராஜா. தூண் மாறிச்சு, பாட்டு மாறிச்சு. மூணு காலத்திலேயும் மாறாதது இந்தக் கூச்சல் ஒண்ணுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்?"

"உங்க மண்டபத்துக் கல்லுக்கு அடியிலே நசுங்கி ஒன்பது பேர் செத்துப் போனாங்க. எங்க அண்ணனும் அதிலே ஒருத்தன். பேர் வெட்டி ஒரு கல் நடுறதாச் சொன்னீங்க."

"நடுவோம், நடுவோம்." சிரிப்பு அடங்காமலே ராஜா எழுந்து போனார்.

சாயங்காலம் மழை பெய்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ மழை. ஒன்பது பேருக்கு ராஜா தரவேண்டிய அந்த ஒரு கல் இன்னும் பாக்கி.