பூவலிங்கம் பேசாமல் இருந்த கதை

"எல்லாருக்கும் தியானம் குடுத்தீங்க. எனக்கு மட்டும் தக்காளி நாத்தைக் குடுத்திருக்கீங்களேம்மா" என்றார் பூவலிங்கம்.

தவமணி அம்மா குழித்தட்டில் விதை ஊன்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"குடைமிளகாயும் இருக்கே, அண்ணே."

பூவலிங்கம் அம்மாவைவிட மூத்தவர். குருவே ஆனாலும் அம்மா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூவிக்கொண்டிருந்த மனுஷர் அவர். அவர் வாயைத் திறந்தால் லாரி ஹாரனே அடங்கிப்போகும் என்பார்கள். ஒருநாள் தன் குரல் தனக்கே சலித்துப்போய், மலையேறி இந்த ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். அம்மா அவர் கையில் பசுமைக்குடிலின் சாவியைக் கொடுத்தார்.

அது மாசி மாதம். மலையில் பனி விட்டபாடில்லை. நாற்றைக் குடிலுக்குள் வளர்த்து, வெயில் ஏறியதும் வெளியே பாத்தியில் நடவேண்டும். ஆசிரமத்து அடுப்பு அந்தத் தோட்டத்தை நம்பித்தான் எரிந்தது.

"ஆயுசு பூராம் தக்காளி தக்காளின்னு கத்தினேன். இங்கயும் தக்காளியா? எனக்கு மௌனம் வேணும்மா."

"இருங்களேன்."

"எது வரைக்கும்?"

"பீன்ஸ் காய்க்கிற வரைக்கும்."

பூவலிங்கம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். மறுநாள் விடிந்ததிலிருந்து பேச்சில்லை.

ஆசிரமத்துக்குத்தான் நிம்மதி போயிற்று.

குழம்பில் உப்புக் குறைந்தால், இரண்டு கையாலும் அலையடித்துக் கடலைக் காட்டினார். குடிலில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோது, தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழி பிதுங்க நின்றார். சமையல்காரர் காசிமாயன் பதறி ஓடிவந்து முதுகில் நாலு சாத்து சாத்தினார்.

யாராவது பேச வந்துவிட்டால் இன்னும் மோசம். உதட்டில் விரலை வைப்பார். வானத்தைக் காட்டுவார். நெஞ்சைத் தொடுவார். கண்ணை மூடுவார். தான் மௌனத்தில் இருப்பதை முழுசாக விளக்கி முடிக்காமல் ஆளை விடமாட்டார்.

"அம்மா, இவர் பேசிட்டு இருந்தப்ப இதைவிட அமைதியா இருந்துச்சு" என்றார் காசிமாயன்.

"பீன்ஸ் பூ வச்சிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்க."

பூவலிங்கமும் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் காய் பிடிக்கிற அன்று எல்லோருக்கும் முன்னால் அம்மா தன்னை மெச்சுவார். அப்போது தான் சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். ஆழமான வாக்கியம். அதை அடிக்கடி மனசுக்குள் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்.

பங்குனியில் வெயில் வந்தது. மிச்ச நாற்றெல்லாம் வெளியே பீன்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் இறங்கின.

அன்று காலை அம்மா குடிலுக்குள் இருந்தார். மூடிய குடிலுக்குள் தேனீ வராது. அதனால் பூசணியின் ஆண் பூவைப் பறித்து, ஒவ்வொரு பெண் பூவாகத் தொட்டுவிட்டுக்கொண்டிருந்தார். வாசலுக்கு முதுகு காட்டி நின்றார்.

வெளியே பூவலிங்கம் களை எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் வேலி முறிந்தது.

காட்டுமாடு.

தனி மாடு. கறுப்பாய், பாறை எழுந்து நடந்து வந்ததுபோல் வந்தது. நேரே பீன்ஸ் பாத்திக்குப் போய், கொடியைக் குச்சியோடு இழுத்து மெல்லத் தொடங்கியது. பூவும் போயிற்று, பிஞ்சும் போயிற்று.

பூவலிங்கம் கையை ஆட்டினார். மாடு அவரைப் பார்த்தது. மென்றது.

துண்டை வீசினார். குதித்தார். படபடவென்று கைதட்டினார்.

"என்ன அண்ணே, மௌனத்துல இருக்கிறவரு இவ்வளவு சத்தம் போடலாமா?" என்றார் உள்ளேயிருந்து அம்மா, திரும்பாமலே.

மாட்டுக்குப் பீன்ஸ் போதவில்லை. பூசணி வாசம் பிடித்துக் குடிலின் வாசலுக்குப் போனது. தலையைத் தாழ்த்தி, வாசலில் தொங்கிய வலையை முட்டிக்கொண்டு உள்ளே நுழைத்தது. இருந்தது அந்த ஒரே வாசல். கொம்புக்கும் அம்மாவின் முதுகுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை.

பூவலிங்கம் வாயைத் திறந்தார். தயார் செய்து வைத்த வாக்கியம் வரவில்லை.

"நாட்டுத் தக்காளி பெட்டீ! ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்ம்ம்!"

குடிலின் பிளாஸ்டிக் கூரை அதிர்ந்தது. சமையல்கட்டில் எதுவோ விழுந்து உருண்டது. மாடு வெடுக்கென்று தலையை உருவியது. வாசல் வலை கொம்பில் மாட்டிக்கொள்ள, முக்காடு போட்ட மணப்பெண்போல முட்டைக்கோசைத் தாண்டி, வந்த வழியே காட்டுக்குள் ஓடிவிட்டது.

அம்மா திரும்பினார். வலையில்லாத வாசலையும் மண்ணில் பதிந்த குளம்புத் தடத்தையும் பார்த்தார். எரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். பூ மட்டும் இன்னும் கையில் இருந்தது.

மூச்சு வந்ததும் கேட்டார்.

"எவ்வளவுக்குப் போச்சு, அண்ணே?"

பூவலிங்கம் பொலபொலவென்று அழுதார்.

"விரதம் உடைஞ்சு போச்சேம்மா!"

"வேலியும்தான் உடைஞ்சிருக்கு" என்றார் அம்மா. "எதை முதல்ல பாக்கப் போறீங்க?"

பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். குளம்படியில் சாய்ந்தும் முறியாமல் தப்பிய நாற்றுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தார். காலியான பாத்தியைக் கொத்திப் புதிதாகப் பீன்ஸ் விதை போட்டார். தண்ணீர் விட்டார். யாரோ கஞ்சி கொண்டுவந்தார்கள், குடித்தார். பிறகு கம்பிச் சுருளை உருட்டிக்கொண்டு வேலிக்குப் போனார்.

வெயில் தாழ்ந்தபோது காசிமாயன் தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணே, மௌனம் இன்னும் இருக்கா, முடிஞ்சிருச்சா? சொன்னீங்கன்னா நாங்க அதுக்குத் தக்கன நடந்துக்குவோம்."

பூவலிங்கம் நிமிர்ந்தார். யோசித்தார். காலையில் அம்மாவிடம் அழுததற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"கவனிக்கலையே, காசிமாயா" என்றார். "அந்த முனையைக் கொஞ்சம் இழுத்துப் பிடி."