வடத்தின் முதல் பிடி

“அம்மா, ஒரு இங்கிலீஷ் வார்த்தை என்னைத் தூங்க விடமாட்டேங்குது” என்றார் தெய்வநாயகம்.

ஊருக்கு அவர் இங்கிலீஷ் வாத்தியார். மடத்து அம்மைக்குச் சீடர். அம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

“என்ன வார்த்தை வாத்தியாரே?”

“ஜாசில். முண்டியடிக்கிறது, இடிச்சுத் தள்ளுறது.”

“அதுக்கு இங்கிலீஷ் எதுக்கு? நம்ம தேரோட்டம் போதாதா?”

“வேரைத் தேடினேம்மா. குதிரை மேல ரெண்டு பேர் ஈட்டியோட மோதுற விளையாட்டுலேருந்து வந்திருக்கு. அதுக்கும் அடியில லத்தீன். அங்கே அர்த்தம் வெறும் ‘பக்கத்துல’.”

“சரி.”

“பக்கத்துல இருக்கிறது எப்படித் தள்ளுறதா மாறும்?”

அம்மை விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “உங்க தம்பியைக் கேட்டிருக்கலாம்” என்றாள்.

அவர் முகம் சுண்டிப்போனது. தம்பி பொன்னம்பலம் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

தேர் வடத்தின் முதல் பிடி அவர்கள் குடும்பத்துக்கு. வருஷா வருஷம் அண்ணனும் தம்பியும் அதற்காக இடித்துக்கொள்வார்கள். ஊர் சிரிக்கும். ஒரு வருஷம் தம்பி இடித்ததில் அண்ணன் சேற்றில் விழுந்தார். எழுந்து, ஊர் கேட்கச் சொன்னார்: “இவன் எனக்குப் பங்காளியே இல்லை.”

பாவி மனிதர், அதோடு விட்டாரா? தம்பியை எடுத்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் வடத்தைத் தொடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். ஆனால் தர்மகர்த்தா நேற்றே வந்து சொல்லிவிட்டார்: “நீங்கதான் முறிச்சுக்கிட்டீங்களே. உங்களுக்கு ஏது தீட்டு? தாராளமா பிடிங்க.”

“இன்னைக்குத் தேராச்சே, பிடிக்கட்டுமாம்மா?”

அம்மை தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து தேரடிக்கு நடந்தாள். அவரும் பின்னால் போனார்.

முதல் பிடிக்கு இடம் விட்டு ஊரே ஒதுங்கி நின்றது. தெய்வநாயகம் வடத்தைத் தொடக் குனிந்தார். இடது பக்கம் ஆளே இல்லை.

அம்மை அங்கே வந்து நின்று, முழங்கையால் அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். ஊர் வாயைப் பிளந்தது.

“இப்படியா இடிப்பார்?”

“இல்லம்மா. அவன் குள்ளன். இன்னும் கீழே இடிப்பான்.”

சொல்லிக்கொண்டே விலாவின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

“வாத்தியாரே, நேரமாச்சு. பிடிங்க” என்றார் தர்மகர்த்தா.

தெய்வநாயகம் கையை இழுத்துக்கொண்டார்.

“நான் தொடக்கூடாதுய்யா. எனக்குத் தீட்டு.”