நாடி முரசு கோபித்துக்கொண்ட கதை

வெகு காலத்துக்கு முன்னே, வெண்கோட்டை என்கிற நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அந்த நாட்டில் ஒரு விநோத வழக்கம். தினமும் காலையில் வைத்தியர் ராஜாவின் நாடியைப் பிடித்து, ஒவ்வொரு துடிப்புக்கும் விரலைத் தூக்குவார். அதைப் பார்த்துக் கோபுரத்து முரசை அடிப்பான் சடையன். ஊர்ப் பெண்கள் அந்தத் தாளத்துக்குத்தான் நெல் குத்துவார்கள். துடிப்பை மாற்றி அடித்தால் ராஜதுரோகம்!

ராஜாவோ பல்லக்கை விட்டு இறங்குவதில்லை. நடுச்சாமம் வரை விருந்து, கள், சொக்கட்டான். நாடி ஏறிக்கொண்டே போனது. முரசு தடதடவென்று ஓட, உலக்கை பிடித்த பெண்களுக்கு மூச்சு வாங்கியது.

முரசு வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தரக் காத்திருந்த தளவாய் வீரபாகு சபையில் குதித்தான். "மகாராஜா, இந்தச் சடையன் வேண்டுமென்றே உங்களைப் படபடப்புக்காரராகக் காட்டுகிறான்!"

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "அடேய், ஒரு மண்டலத்துக்குள் முரசு நிதானமாகணும். இல்லையென்றால் உன் கையை வெட்டிவிடுவேன்!"

சடையன் கும்பிட்டான். "முரசு கோபித்துக்கொண்டிருக்கிறது, மகாராஜா. நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்தால் இறங்கிவரும். பொழுது சாய்ந்தால் கஞ்சி மட்டும். கள் கூடாது. முதல் சாமத்திலேயே தூக்கம். விடிந்ததும் நீங்களே கோபுரப் படியேறி அதற்குச் சந்தனம் பூசணும். முதல் நாள் பத்துப் படி ஏறினால் போதும், அடுத்த நாள் இருபது. உச்சியை எட்டியதும் சந்தனம் பூசலாம்."

முதல் நாள் எட்டாவது படியிலேயே ராஜா அலறினான், "பல்லக்கு!"

"முரசு பார்க்குது, மகாராஜா!" என்றான் சடையன்.

முனகிக்கொண்டே ஏறினான் ராஜா. இருபதாம் நாள் முனகல் நின்றது. நாற்பதாம் நாள் பாட்டுப் பாடிக்கொண்டே உச்சிக்குப் போய்விட்டான்!

நாற்பத்தெட்டாம் நாள் சபை கூடியது; அன்றைக்கு மட்டும் முரசையும் கீழே இறக்கி அங்கே வைத்தார்கள். வைத்தியர் விரல் மெல்ல எழுந்தது. தொம்... தொம்... தொம்...

"மோசடி!" என்று கத்தினான் வீரபாகு. "வைத்தியரும் இவனும் கூட்டு!"

"அப்படியா ஐயா? உங்கள் கையை வைத்தியரிடம் கொஞ்சம் கொடுங்களேன்" என்றான் சடையன். "பிடித்துப் பார்!" என்று நீட்டினான் தளவாய். பொறாமையில் வெந்துகொண்டிருந்த நாடியாயிற்றே! வைத்தியர் விரல் துள்ளியது. முரசு பேய்மழையாகக் கொட்டியது. வெளியே பெண்கள் உலக்கையைப் போட்டுவிட்டுக் கத்தினார்கள்: "எந்தப் பாவி நாடி இது?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சடையா, முரசின் கோபம் தீர்ந்ததா?"

"முரசு வெறும் தோலும் கட்டையும்தான், மகாராஜா. கோபித்துக்கொண்டது உங்கள் நெஞ்சு. அதற்குத்தான் இத்தனை உபசாரம்!"

ராஜா தன் தங்கக் காப்பைக் கழற்றி, வெட்டுவேன் என்று மிரட்டிய அதே கையில் மாட்டிவிட்டான். "தளவாயாரே, நாளை முதல் உமக்கும் ஒரு மண்டல விரதம்!"

மறுநாள் விடியலில் எட்டாவது படியிலிருந்து அலறல் கேட்டது: "ஐயோ, பல்லக்கு!"

உச்சியில் நின்ற ராஜா எட்டிப் பார்த்துச் சொன்னான்: "முரசு பார்க்குது, ஓய்!"