வெள்ளிக்கிழமைப் பொங்கல்

"பசித்தவனிடம் பத்தியம் பேசுகிறவன் ஒரு..." என்று மேடைதோறும் முழங்குவார் எங்கள் பகுதியின் பழைய மில் சங்கத் தலைவர். ஒரு என்ன என்பது மறந்துவிட்டது. மரியாதையான சொல் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வடசென்னையில் கால்வாயை ஒட்டி ஒரு சின்ன மடம். தினமும் மதியம் சோறு போடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் சோற்றுக்குப் பதில் சர்க்கரைப் பொங்கல். குருவுக்கு நாற்பது வயது. கரண்டி பிடிக்கும் சீடர் தணிகாசலம் அறுபதைக் கடந்தவர். பொறுமையை மட்டும் இன்னும் கற்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, தெரு கூட்டும் கன்னியம்மா தட்டை நீட்டினாள். சர்க்கரை நோயில் ஒரு காலின் கட்டைவிரல் போன வருஷமே போய்விட்டது. மற்ற காலில் இப்போது புண்.

"உனக்குப் பொங்கல் கிடையாது" என்றார் தணிகாசலம்.

"சாமி பிரசாதம் நைனா. சர்க்கரை ஏறாது."

"எந்த டாக்டர் சொன்னான்?"

"எங்க தெருவே சொல்லுது."

"உன் தெருவுல எத்தினி பேருக்குக் கால் முழுசா இருக்குன்னு எண்ணிப் பாரு!"

வரிசை சிரித்தது. கன்னியம்மா வெறும் தட்டோடு போய்விட்டாள்.

தணிகாசலம் உள்ளே வந்து குருவின் முன் கரண்டியைப் போட்டார்.

"முடியல சாமி. தலை தலையா அடிச்சுக்கிட்டாச்சு. சர்க்கரை மாத்திரையை ஒருநாள் தவறாம போடுறாளாம், அதுல பெருமை வேற. பொங்கலையும் துன்னுவாளாம். இதுங்களைத் திருத்த என்னதான் வழி?"

குரு வாய் திறப்பதற்குள் வெளியே கூச்சல். குழாயடியில் கன்னியம்மா சரிந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கியது.

குரு குனிந்து கேட்டார்: "காலையில மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டேன்."

"சாப்பிட்டியா?"

"விடியறதுக்குள்ள தொடப்பம் எடுக்கணும். எவ சாமி அடுப்பு மூட்டுவா? மத்தியானம் இங்க துன்னுக்கலாம்னுதான்..." பேச்சு குழறியது.

"சர்க்கரை இறங்கிடுச்சு. தணிகாசலம், வெல்லம் கரைச்சு எடுத்துட்டு வாங்க. ஓடுங்க."

தணிகாசலம் ஓடினார். வெல்லத் தண்ணீரை அவரே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கை நடுக்கம் அடங்கியதும், குரு சொன்னபடி, பொங்கலையும் ஊட்டினார்.

ரெண்டு வாய் உள்ளே போனதும் கன்னியம்மா கண்ணை நன்றாகத் திறந்தாள்.

"இப்ப மட்டும் ஏறாதா நைனா?"

தணிகாசலம் இன்னொரு வாய் ஊட்டினார். அவள் எழுந்து வீட்டுக்குப் போகும்வரை அங்கேயே நின்றார். பிறகு குருவின் பக்கம் திரும்பினார்.

"போட்டா கால் போவுது. போடாட்டி உசுரு போவுது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் போடவா, வேணாமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்க சாமி!"

குரு உள்ளே போய், கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினார். அதைக் கொண்டுவந்து தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"அவ மாத்திரை போடுறது விடியக்காலம். நம்ம அடுப்பு எப்ப எரியுது?"

அன்று சாயங்காலமே தணிகாசலம் கூழுக்குக் கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்தார். மறுநாள் முதல் மடத்தில் முதல் பந்தி விடியுமுன்.