வாயில் சுமந்த நீர்

மார்ச் 6, வியாழன். நேற்று எழுதிய கதையில் ஒரு பிழை. அத்துவாத் அம்மையார் விளக்குக்கு எண்ணெய் வார்த்தார் என்று இருக்கிறது. வடதுருவப் பனிநாட்டு இனுயிட் மக்களிடம் வார்க்க எண்ணெய் ஏது? சீல் விலங்கின் உறைந்த கொழுப்பைக் கட்டையால் இடித்துக் கல்விளக்கில் வைப்பார்கள். அது உருகித் திரியில் ஏறும். ஆகவே, இடித்தார் என்பதே சரி.

கொழுப்பை இடிப்பதும் பாசித் திரியைத் தூண்டுவதும்தான் அம்மையாரின் வேலை. கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். கொழுந்தன் காவிக்கின் பனிவீட்டில் ஒரு மூலையில் அண்டி வாழ்ந்தார். விளக்குச் சூட்டில் பனியை உருக்கி ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் எப்போதும் வைத்திருப்பார். அது வீட்டாருக்கு அல்ல. வேட்டையில் வந்து சேரும் சீலுக்கு. உப்புக் கடலில் வாழும் சீல் நல்ல தண்ணீருக்குத் தவிக்கிறது, அந்தத் தாகத்தால்தான் மனிதரிடம் தன்னைக் கொடுக்கிறது என்பது அம்மக்களின் நம்பிக்கை. இறந்த சீலின் வாயில் நீர் வார்த்தால், கடலடியில் சீல்களை ஆளும் நுலியாயுக் அன்னை மனம் குளிர்ந்து மீண்டும் அனுப்புவாள்.

"உங்க வீட்டுக்காரரை முழுங்குன கடலுக்கே விருந்து வைக்கிறீங்களாக்கும்!" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள். அம்மையார் திரியைத் தூண்டிவிடுவார்.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் காவிக் ஒரு சீலைக் கொன்றான். புயல் வரும் அவசரம். வாயில் நீர் வார்க்காமலே பனிக்கட்டி மேல் வைத்து அறுத்துவிட்டான். அதன்பின் ஒரு சீல்கூட வரவில்லை. நாய்கள் செத்து விழுந்தன. குழந்தைகள் தோல்வாரைச் சப்பின. அம்மையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கோ பனிக்கட்டி விரிசலிடும் ஓசை கேட்டாலும், சீல்தானோ என்று கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடினார்.

"அண்ணி, மிச்சம் இருக்கிறது இந்தக் கொழுப்புத் துண்டு ஒண்ணுதான். பிள்ளைங்க வாயில போடாம, வராத விருந்தாளிக்குத் தண்ணி காய்ச்சிட்டு இருக்கீங்க. அவ்வளவு அக்கறைன்னா நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்களேன்!" என்று காவிக் எரிந்து விழுந்தான்.

"சரி தம்பி. என் பங்கைப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடு. நான் போறேன்."

அம்மையார் கிண்ணத்துடன் உறைந்த கடல்மேல் நடந்தார். சொன்ன வார்த்தை உறுத்த, காவிக் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். பாதி வழியில் தண்ணீர் உறையத் தொடங்கியது. அம்மையார் எஞ்சியதை வாயில் ஏந்திக்கொண்டார். காலையிலிருந்து அவர் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. தொண்டை கெஞ்சியது. விழுங்கவில்லை.

சீல்கள் மூச்சு வாங்க வரும் துளையருகே குப்புறப் படுத்து, வாயிலிருந்த நீரைத் துளிகூடச் சிந்தாமல் உள்ளே விட்டார்.

"தாயே, புயலுக்குப் பயந்து செஞ்சுட்டான். உன் பிள்ளைக்குத் தர வேண்டிய தண்ணி இது."

துளையில் நீர் தளும்பியது. கரிய மூக்கு ஒன்று மேலெழுந்தது. காவிக்கின் ஈட்டி இறங்கியது.

சீலைப் பனிமேல் இழுத்துப் போட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது: அதற்கு வார்க்க இப்போது நீர் இல்லை. காவிக் பதறித் துளைக்குள் கையை விட்டு அள்ளினான்.

"ஐயோ, அது உப்புத் தண்ணிடா!"

அவன் நக்கிப் பார்த்தான். முகம் மாறியது. "அண்ணி... உப்பே கரிக்கல. நீங்க உருக்கின தண்ணி மாதிரியே இருக்கு."

அம்மையாரும் சுவைத்தார். அன்னை வாங்கிக்கொண்டு திருப்பித் தந்திருந்தாள். காவிக் மண்டியிட்டு, அந்த நீரைச் சீலின் வாயில் தன் கையாலேயே வார்த்தான்.

உலர்ந்த நாவோடு கடலின் தாகம் தீர்த்த அத்துவாத் அம்மையாரின் அன்பு வாழ்க. அவருக்கு மறுநாள் வேலை காத்திருந்தது: புதுக் கொழுப்பை இடித்து, பனியை உருக்கி, கிண்ணத்தை நிரப்பி வைக்க வேண்டும்.